‘போடப் போடப் பழகிடும்’: ஷூ கடிப்பது ஏன்? உங்கள் காலுக்குச் சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொல்கத்தாவின் நியூ மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். லிண்ட்சே தெருவில் ஷூ கடைகளுக்குள் நுழையவே தோளால் இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்க்க இடம் இருக்காது. ஒற்றைக் காலில் நின்றபடி, சாக்ஸ் இல்லாத காலை ஒரு ஷூவுக்குள் திணித்துப் பார்ப்பீர்கள்.

"ஆட் நம்பர் நேய், நொய் நின்" என்பார் கடைக்காரர். 8-ம் நம்பர் இல்லை, 9 எடுத்துக்கோங்க என்று அர்த்தம். தளர்ச்சியாக இருக்கிறதே என்றால், உள்ளே ஒரு ஷுக்தலா போட்டுத் தருவதாகச் சொல்வார். நாம் இன்சோல் என்று சொல்கிற உள்பட்டைக்கு வங்காளத்தில் அந்தப் பெயர். மாறாக, 7-ம் நம்பர்தான் இருக்கிறது, அது இறுக்கிப் பிடிக்கிறது என்றால், அதற்கும் பதில் தயார்: "கொஞ்ச நாள் போட்டா லூஸ் ஆயிடும்."

அடுத்த காட்சி சப்தமி இரவு. பாக்பஜாரிலிருந்து காலேஜ் ஸ்கொயர், அங்கிருந்து ஏக்டாலியா, தேசப்ரிய பார்க் என்று பந்தல் பந்தலாக நடக்கும் கூட்டத்தில், புது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பவர்களை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். ‘ஃபோஸ்கா’ என்ற சொல் இந்த ஊர் பூஜையின் பிரிக்க முடியாத பகுதி. ஃபோஸ்கா என்றால் கொப்புளம்.

நம் ஊரில் இதையே "ஷூ கடிக்குது" என்கிறோம். கூடவே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்: "போடப் போடப் பழகிடும்."

உண்மையில் பழகுமா? ஷூ ஏன் கடிக்கிறது? 8 என்ற அந்த எண் எதை அளக்கிறது? அது யாருடைய பாதம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷூ கடிக்கும்போது காலில் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூஜை இரவில் நீங்கள் 10 கிலோமீட்டர் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 70 செ.மீ என்றால், சுமார் 14,000 அடிகள். ஒரு காலுக்கு 7,000. அதாவது குதிகாலில் ஷூவின் விளிம்பு படுகிற அதே இடம், ஒரே இரவில் 7,000 முறை இழுபடுகிறது.

கொப்புளம் வருவது வெறும் உரசலால் மட்டும் அல்ல. தோலின் மேற்பகுதி ஷூவோடும் சாக்ஸோடும் ஒட்டி நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் எலும்பு மட்டும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

லேசாக ஈரமான தோலில் இந்தப் பிடிப்பு அதிகமாகும். கொல்கத்தாவின் செப்டம்பர், அக்டோபர் புழுக்கத்தில், மழையும் சேர்ந்துகொண்டால், சாக்ஸ் காய்வதே இல்லை. நமக்குச் சென்னையும் அப்படித்தான்.

இரண்டு வகை ஷூக்கள் கடிக்கும். இறுக்கமானது அழுத்தியே காயப்படுத்தும். தளர்ச்சியானது, கால் உள்ளே வழுக்கிக்கொண்டே இருப்பதால் காயப்படுத்தும். எனவே, "சின்னதா வாங்கினாத்தான் கடிக்கும், பெருசா வாங்கினா பாதுகாப்பு" என்பது சரியில்லை.

அந்த 8 எதைக் குறிக்கிறது?

இந்தியக் கடைகளில் நாம் சொல்கிற 6, 7, 8 எல்லாம் பிரிட்டிஷ் எண்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது, அவர்கள் போன பிறகும் தங்கிவிட்டது. இதன் அலகு என்ன தெரியுமா? ஒரு பார்லி மணி. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்பது பழைய இங்கிலாந்துக் கணக்கு. ஆக, ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ வித்தியாசம்.

ஐரோப்பிய எண்கள் (40, 41, 42) வேறு அலகு. அங்கே ஒரு படி சுமார் 6.7 மி.மீ. அமெரிக்க எண்கள் பிரிட்டிஷ் எண்களைப் போலவே வளர்ந்தாலும் தொடக்கப் புள்ளி வேறு. அதனால்தான் ஒரே ஷூவின் நாக்கில் பிரிட்டிஷ் 8, ஐரோப்பிய 42, அமெரிக்க 9 என்று மூன்று எண்கள் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்கள் உங்கள் பாதத்தை அளக்கவில்லை. ஷூ தைக்கப்படும் ‘லாஸ்ட்’ எனப்படும் கால் அச்சின் நீளத்தை அளக்கின்றன. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த அந்த அச்சின் மேல்தான் ஷூ உருவாகிறது. அச்சு எப்போதும் பாதத்தைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு மாடலும் தானே முடிவு செய்கிறது. கூர்மையான முனை கொண்ட ஷூவுக்கு இன்னும் அதிகம்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 8 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "நான் 8 போடுறவன்" என்பதை உங்கள் ரத்த வகை மாதிரி மாறாத உண்மையாக நினைக்க வேண்டாம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. இந்த எண் நீளத்தை மட்டும்தான் சொல்கிறது. அகலத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. பிரிட்டன், அமெரிக்காவில் சில நிறுவனங்கள் அகலத்துக்கும் தனி எழுத்துக் குறியீடு போடுகின்றன. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அது கிடையாது.

இந்தியப் பாதம் எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நாடு தழுவிய பதில் கிடைத்தது சமீபத்தில்தான். அதுவும் சென்னையிலிருந்து. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ), 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர்களால் அளந்தது.

தொடங்கும்போது ஆய்வாளர்களுக்கு ஓர் ஊகம் இருந்தது. வடகிழக்கில் இருப்பவர்களின் பாதமும் தெற்கில் இருப்பவர்களின் பாதமும் வேறுபடும், எனவே பகுதிக்கு ஒன்றாக ஐந்து அளவுமுறைகள் தேவைப்படலாம் என்று நினைத்தார்கள். முடிவு அப்படி வரவில்லை. முழு இந்தியாவுக்கும் ஒரே அளவுமுறை போதும் என்று தெரிந்தது.

முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்: பொதுவாக இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது. நமக்குக் கிடைக்கும் ஷூக்களோ குறுகலான அச்சில் செய்யப்படுபவை. விளைவு? அகலம் பற்றாததால், தேவையைவிட நீளமான ஷூவை வாங்கிவிடுகிறோம். அப்புறம் அந்த நீளத்தைச் சமாளிக்க ஆண்கள் லேஸை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறார்கள். அது ரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல. பெண்களுக்குத் தேவையைவிடப் பெரிய ஹீல்ஸ் காயத்துக்கே காரணமாகலாம்.

லிண்ட்சே தெருக் கடையில் 8-க்குப் பதில் 9 வாங்கி, ஷுக்தலா போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கதையேதான் இது. தவறு உங்கள் காலில் இல்லை. ஷூவுக்கான அச்சு வேறொருவர் காலைப் பார்த்துச் செய்யப்பட்டது.

இந்த ஆய்வின் அடிப்படையில் சி.எல்.ஆர்.ஐ முன்மொழிந்த புதிய முறைக்கு ‘பா’ என்று பெயர். பாரத் என்பதன் முதல் எழுத்து. இதன் விவரங்கள் 2024 ஏப்ரலில் வெளியே வந்தன. கைக்குழந்தைகளில் தொடங்கி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் வரை, வயதையும் பாலினத்தையும் வைத்து எட்டுப் பிரிவுகளாக இது பிரிக்கப்பட்டிருக்கிறது. பரிந்துரை, மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வழியாக, தரநிலைகளை வகுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்குச் சென்றது.

தரநிலை வந்தாலும் தொழிற்சாலைகளில் அச்சுகள் மாற வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு அளவுக்கும், இடது வலது என்று ஜோடி ஜோடியாக அச்சு வேண்டும். அது செலவு பிடிக்கிற வேலை. அதுவரை நாம் பழைய எண்களோடுதான் வாழ வேண்டும்.

கொல்கத்தாவுக்கு இதில் என்ன பங்கு?

இந்தியா கூட்டமாக ஷூ போடத் தொடங்கிய கதையில் இந்த நகரம் முதல் அத்தியாயம். செக் நாட்டின் ஸ்லீன் நகரில் 1894-ல் தொடங்கிய பாட்டா நிறுவனம், 1931-ல் இங்கே இந்திய நிறுவனமாகப் பதிவானது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் கொன்னகரில் முதலில் தயாரிப்பு தொடங்கியது. பிறகு நகரத்துக்குத் தென்மேற்கே ஒரு முழுத் தொழிற்சாலை ஊரே எழுந்தது. அதன் பெயரே பாட்டாநகர். 99 பைசாவில் முடிகிற விலையைத் தமிழ்நாட்டில் இன்றும் "பாட்டா விலை" என்கிறோம் அல்லவா? அந்தப் பாட்டாதான். அது வெளிநாட்டு நிறுவனம் என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இரண்டு ஊர்களிலும் உண்டு.

அதற்கு முன்பும் பின்பும் பெண்டிங்க் தெருவில் சீனர்களின் ஷூ கடைகள் இருந்தன. தோல் பதனிடுவதிலும் ஷூ தைப்பதிலும் கைதேர்ந்த ஹக்கா சமூகத்தினர் அவர்கள். அளவு கொடுத்துத் தைத்து வாங்கும் முறையில், வாடிக்கையாளரின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்வார்கள், மேல்பகுதியின் சுற்றளவை நாடாவால் எடுப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதிவாகிவிடும். ஆயத்த ஷூ வந்தபோது விலை குறைந்தது, எல்லாருக்கும் எட்டியது. அது பெரிய நன்மை. ஆனால் அந்த மூன்று அளவுகளில் இரண்டு தொலைந்துபோய், ஒரு எண் மட்டும் மிஞ்சியது.

தவறான அளவு எவ்வளவு பரவலானது?

மிகவும். ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 63 முதல் 72 சதவீதம் பேர் தங்கள் பாதத்தின் நீளத்துக்கோ அகலத்துக்கோ பொருந்தாத காலணியை அணிந்திருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. கால் வலி, விரல்கள் வளைந்துபோவது, கால் ஆணி ஆகியவற்றோடு பொருந்தாத காலணிக்குத் தொடர்பு இருப்பதையும் அந்தத் தொகுப்பு காட்டியது.

அதாவது உங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தால், கணக்குப்படி இரண்டு பேர் தவறான அளவில் நடந்துகொண்டிருக்கலாம்.

குழந்தைகளுக்கு ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’ என்று வாங்கலாமா?

நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு வைத்துக் கொடுப்பது. காசு நெருக்கடியில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஷூவில் குழந்தை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும், தடுக்கி விழும். பஞ்சு, விரல் நீள வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

விரல் முனைக்கு முன்னால் ஒரு பெரியவரின் கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், இடம் இருந்தால் போதும். அந்த இடம் தீர்ந்துவிட்டதா என்று இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சி.எல்.ஆர்.ஐ ஆய்வின்படி பாத வளர்ச்சி பெண்களுக்கு 11 வயதிலும் ஆண்களுக்கு 15, 16 வயதிலும் உச்சத்தில் இருக்கிறது. அந்த வயதுகளில் இன்னும் கவனம் தேவை. போன வருஷ ஷூவில் மகள் முனகினால் அது அடம் இல்லை.

சின்னக் குழந்தைகள் வீட்டில் வெறுங்காலோடு ஓடுவது நல்லதே. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்த குழந்தைகளிடம்தான் அது அதிகம்.

இதை வைத்துக்கொண்டு செருப்பையே தூக்கி எறிய வேண்டாம். சாலையில் கண்ணாடி, ஆணி, கொக்கிப்புழு எல்லாம் இருக்கின்றன. ஆய்வு சொல்வது, பாதத்துக்கு அசைய இடம் வேண்டும் என்பதைத்தான்.

சர்க்கரை நோய் இருந்தால் ஏன் தனிக் கவனம்?

இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் காரணமாக இருந்ததே இந்தக் கேள்விதான்.

இரண்டு பூஜைகளுக்கு முன்பு, லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டிலிருந்து அப்பாவும் நானும் பந்தல் பார்க்கக் கிளம்பினோம். அப்பாவுக்குப் புது ஷூ. "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல, நல்லா இருக்கு" என்றார். இரவு வீடு திரும்பி ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. இருபது வருஷமாகச் சர்க்கரை. அந்தப் புண் ஆற இரண்டு மாதமானது.

"ஒண்ணும் தெரியல" என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை, பாத நரம்புகளின் உணர்வைக் குறைக்கலாம். அப்போது ஷூ கடிப்பது தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் எளிதில் ஆறாது. கவனிக்காமல் விட்ட சின்னக் காயம் விரலை, சில சமயம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

இன்னொரு வேடிக்கையான ஆபத்தும் இதில் உண்டு. உணர்வு குறைந்தவர்களுக்குச் சரியான அளவு ஷூ "லூஸாக" தோன்றும். பிடிமானம் தெரிய வேண்டும் என்று இறுக்கமானதையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். எனவே அவர்கள் விஷயத்தில் ‘போட்டுப் பார்த்துச் சொல்லுங்க’ என்பது வேலைக்கு ஆகாது. அளந்துதான் வாங்க வேண்டும்.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு முன்பே கற்றிருக்கிறது. வேலூர் சி.எம்.சி-யிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களின் பாதப் புண்களுக்குக் காரணம் ‘கெட்ட சதை’ அல்ல, வலி தெரியாமல் போவதே என்று காட்டினார். மெத்தென்ற நுண்ணறை ரப்பரால் ஆன எம்.சி.ஆர் செருப்புகள் அந்தப் பணியோடு வளர்ந்தவை. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அவை பரிந்துரைக்கப்படுகின்றன. பார்க்கச் சுமார்தான். ஆனால் கால் மிஞ்சும்.

சர்க்கரை உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

• ஷூவுக்குள் காலை விடும் முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சின்னக் கல், மடங்கிய உள்பட்டை எதுவும் இருக்கலாம்.

• வெளிர் நிற சாக்ஸ் அணியுங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும்.

• புது ஷூவை முதல் சில நாட்கள் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

• தினமும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்தோ, வீட்டில் ஒருவரைக் கேட்டோ பாருங்கள்.

• வருஷத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் வலியில்லாத சோதனைதான்.

• புண் வந்தால் கை வைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சரி, வீட்டிலேயே எப்படி அளப்பது?

ஐந்து நிமிட வேலை. ஓர் ஏ4 தாள், பென்சில், ஸ்கேல் போதும். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ என்பதால் பெரும்பாலான பாதங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

1. சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

2. தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும்.

3. மிக நீளமான விரலின் முனையில் கோடு போடுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு இரண்டாவது விரலே நீளம்.

4. பெருவிரலின் அடிமூட்டுக்கும் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கும் வெளிப்பக்கம் இரண்டு புள்ளிகள் வையுங்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் உங்கள் அகலம்.

5. அடுத்த காலையும் அளங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

இனி, நீளத்தை எண்ணாக மாற்றுவோம். பிரிட்டிஷ் சூத்திரத்தில் அச்சின் நீளத்திலிருந்து 1.5 செ.மீ கழித்து நான் போட்ட தோராயக் கணக்கு இது:

பாதம் 22.2 செ.மீ – சைஸ் 3
பாதம் 23.1 செ.மீ – சைஸ் 4
பாதம் 23.9 செ.மீ – சைஸ் 5
பாதம் 24.7 செ.மீ – சைஸ் 6
பாதம் 25.6 செ.மீ – சைஸ் 7
பாதம் 26.4 செ.மீ – சைஸ் 8
பாதம் 27.3 செ.மீ – சைஸ் 9
பாதம் 28.1 செ.மீ – சைஸ் 10

இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால் பெரியதில் தொடங்குங்கள். இது எங்கே ஆரம்பிப்பது என்று காட்டும் எண் மட்டுமே. கடைசி முடிவு காலுடையது. ஆன்லைனில் வாங்கும்போது 7, 8 என்ற எண்ணைப் பார்க்காமல், அந்த நிறுவனம் தந்திருக்கும் செ.மீ அட்டவணையில் உங்கள் பாத நீளத்தைத் தேடுங்கள். அந்த அட்டவணை பாதத்தின் நீளமா, ஷூவின் உள்நீளமா என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். உள்நீளம் என்றால், உங்கள் பாதத்தைவிட அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அதிகமாக இருக்க வேண்டும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

உள்பட்டைச் சோதனை: கழற்ற முடிகிற இன்சோல் என்றால், வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். விரல்களோ பக்கவாட்டுச் சதையோ பட்டைக்கு வெளியே வழிகிறதா? அந்த ஷூ உங்கள் காலுக்குக் குறுகல். எண்ணைக் கூட்டுவதால் பயனில்லை. வேறு மாடல் பாருங்கள். அகலத்துக்குப் பதிலாக நீளத்தை வாங்கிவிடாமல் காப்பாற்றும் எளிய சோதனை இதுதான்.

முனை: நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா? உள்ளே ஐந்து விரல்களையும் அசைக்க முடிகிறதா?

மடியும் இடம்: ஷூவின் முனையையும் குதிப் பகுதியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். உங்கள் விரல்கள் மடிகிற இடத்தில்தான் ஷூவும் மடிய வேண்டும். நடுப் பாதத்தில் மடிந்தால் அது பிடிமானம் தராது.

குதிகால்: பத்து அடி நடந்து பாருங்கள். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் வெளியே வந்து வந்து போனால், கொப்புளம் அங்கேதான் வரும். முடிந்தால் இரண்டு படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் முன்னால் முட்டக் கூடாது.

சாக்ஸ்: எந்த சாக்ஸோடு போடப்போகிறீர்களோ அதைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள்.

கார்பெட் விரித்த தரையில் எல்லா ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். மொசைக் தரையிலும் நடந்து பாருங்கள்.

அப்போ ‘பழகிடும்’ என்பது முழுக்கப் பொய்யா?

பாதி உண்மை. அசல் தோல் ஷூ, போடப் போட அகலவாக்கில் கொஞ்சம் இளகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மர அச்சு வைத்து இன்னும் கொஞ்சம் விரித்துத் தருவார். ஆனால் நீளம் எந்த ஷூவிலும் கூடாது. விரல் முனை முட்டுகிற ஷூ கடைசி வரை முட்டிக்கொண்டுதான் இருக்கும்.

மலிவு விலையில் இன்று அதிகம் கிடைப்பது ரெக்ஸின் போன்ற செயற்கைப் பொருட்களால் ஆனவை. அவை தோல் அளவுக்கு இளகாது. அங்கே ஷூ மாறுவதில்லை. உங்கள் தோல் காய்த்துப்போய், விரல் வளைந்துபோய், கால்தான் ஷூவுக்குப் பழகுகிறது.

விலை அதிகம் என்றால் பொருத்தம் அதிகம் என்றும் அர்த்தமில்லை. அகலமான முன்பகுதியும் லேஸோ ஸ்ட்ராப்போ உள்ள சாதாரணக் கேன்வாஸ் ஷூ, கூர் முனை கொண்ட விலையுயர்ந்த ஷூவைவிடக் காலுக்கு நல்லதாக இருக்கலாம்.

பூஜைக்கோ தீபாவளிக்கோ புது ஷூ வாங்கினால்?

பத்து நாள் முன்பாவது வாங்குங்கள். வீட்டுக்குள் முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி என்று போட்டுப் பாருங்கள். வெளியே போட்டுப்போகாத ஷூ என்றால் மாற்றித் தரச் சொல்லவும் வசதி. மிக நீண்ட நடைக்குப் பழைய, காலுக்குத் தெரிந்த ஜோடிதான் நல்லது. போட்டோவுக்குப் புதுசு, நடைக்குப் பழசு.

சிவந்து எரியத் தொடங்கியதுமே பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு அல்ல. மழையில் நனைந்தால் சாக்ஸை மாற்றுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் குத்தி உடைக்காதீர்கள். அந்த மேல்தோல்தான் கிருமிகளுக்குத் தடுப்பு. தானாக உடைந்தால் சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான கட்டுப் போடுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு காரியத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால் வங்காளிகள் "ஷுக்தலா தேய்ந்துபோச்சு" என்கிறார்கள். நாம் "செருப்புத் தேய அலைந்தேன்" என்கிறோம். தேய வேண்டியது அதுதான், கால் அல்ல.

போன வருஷம் அப்பாவுக்கு ஷூ வாங்கக் கிளம்பும் முன், ஏ4 தாளில் அவர் பாதத்தை வரைந்தேன். வலது 25.4, இடது 25.7. முப்பது வருஷமாக 8 போட்டுக்கொண்டிருந்தவர். மூன்றாவது கடையில், அகலமான முன்பகுதி கொண்ட ஒரு 7-ல் அவர் பாதம் சரியாக உட்கார்ந்தது. "நான் எட்டு ஆச்சே" என்று கடைக்காரரிடம் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அஷ்டமி இரவு திரும்பி வந்து சாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளையாகவே இருந்தது.